வழக்கு இருந்தால் சபர் போக முடியாதா?

சென்ற மாதம் ஒரு தாயார் எங்கள் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார்கள். லீவில் வந்திருந்த மகனின் பாஸ்போர்ட் முடியும் தறுவாயில் இருந்தது. பழைய தெருத் தகராறு ஒன்றில் அவர் பெயரும் எஃப்.ஐ.ஆரில் உண்டு. "கேஸ் முடியாமல் புதுப்பிக்க முடியாது" என்று டிராவல்ஸ்காரர் சொன்னதை நம்பி, விண்ணப்பமே போடாமல் மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டார்கள். விசாவோ ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி நம் ஊரில் பலர் நினைக்கிறோம். பாஸ்போர்ட் என்பது அரசு பார்த்துக் கொடுக்கும் சலுகை, மறுத்தால் கேட்க முடியாது என்று. 1967 வரை நிலைமை ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. அதற்கென்று முறையான சட்டம் கிடையாது. அந்த ஆண்டு ஏப்ரலில் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில், வெளிநாடு செல்வது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும், சட்டம் இல்லாமல் அதைத் தடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதன் பிறகுதான் பாஸ்போர்ட் சட்டமே வந்தது.

சட்டம் வந்தபின் வேறொரு சிக்கல். 1977இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொன்ன அரசு, "பொதுநலன்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டு, காரணம் தர மறுத்தது. 1978 ஜனவரி 25இல் ஏழு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது: ஒரு சட்டம் இருந்தால் மட்டும் போதாது, அதன் நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும், பாதிக்கப்படுபவரின் பேச்சைக் கேட்க வேண்டும். அவர் ஒரு பெரிய குடும்பத்து மருமகள்தான். ஆனால் அந்தத் தீர்ப்பு கூலி வேலைக்குப் போகிறவருக்கும் அப்படியே பொருந்தும்.

ஆகவே, மறுத்தாலோ முடக்கினாலோ அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். நாம் கேட்டால் நகல் தர வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, வெளியுறவு, பொதுநலன் போன்ற காரணங்களுக்காக மட்டுமே நகலை மறுக்கலாம். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வாய்ச்சொல்லுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால்தான் எழுத்தில் கேளுங்கள் என்று வற்புறுத்துகிறோம்.

இனி எஃப்.ஐ.ஆர். விஷயம். குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கலாம் என்று சட்டம் சொல்வது உண்மை. ஆனால் போலீஸ் விசாரணையில் மட்டும் இருக்கும் எஃப்.ஐ.ஆர். இதில் சேராது, நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்திருக்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. கோப்பில் எடுத்திருந்தாலும் வழி அடைபடவில்லை. வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் மனுப்போட்டு வெளிநாடு செல்ல அனுமதி வாங்கினால், 1993ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி பாஸ்போர்ட் கிடைக்கும். உத்தரவில் காலம் குறிப்பிடாவிட்டால் பொதுவாக ஓராண்டுக்குத் தருவார்கள். எனவே எத்தனை ஆண்டு வேண்டும் என்பதை மனுவிலேயே கேட்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். இந்த ஒரு வரியை விட்டுவிட்டு வருடாவருடம் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறோம்.

வழக்கை மறைத்து விண்ணப்பம் போடுவதுதான் பெரிய தவறு. தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கிடைத்த பாஸ்போர்ட்டும் முடக்கப்படும். அனுமதி கேட்டால் கிடைத்திருக்கும் ஆள், மறைத்ததால் குற்றவாளி ஆகிறார்.

ஏர்போர்ட்டில் நிறுத்தும் லுக் அவுட் சர்க்குலர் தனி விவகாரம். அதைக் கேட்டுப் பெற்ற துறைக்கு மனுக் கொடுக்கலாம், உயர் நீதிமன்றத்திலும் எதிர்க்கலாம். கடன் பாக்கிக்காகப் பொதுத்துறை வங்கிகள் இதைக் கோரும் அதிகாரத்தை பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ரத்து செய்தது.

அந்தத் தாயாரின் மகன் வழக்கில் குற்றப்பத்திரிகையே தாக்கலாகவில்லை என்று நீதிமன்றத்தில் விசாரித்ததில் தெரிந்தது. எஃப்.ஐ.ஆரைக் குறிப்பிட்டே விண்ணப்பித்தார். விசா முடிய ஒன்பது நாள் இருக்கையில் விமானம் ஏறினார். இதே நிலையில் இருப்பவர்கள் எஃப்.ஐ.ஆர். நகல், பழைய பாஸ்போர்ட், விசா நகல் மூன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்டு மனு எழுதித் தருகிறோம்.