காற்றுக்கு வழிவிடும் வீடு: கம்பத்து வீட்டிடம் பாடம் கற்ற நவீனக் கட்டடங்கள்

பிற்பகல் 3 மணி. தாமான் வீட்டின் வரவேற்பறையில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. ஆனால் வருவதோ வெக்கைக் காற்று. இரவு 10 மணிக்குச் சுவரில் கை வைத்தால் பகல் வெயிலின் சூடு இன்னும் தெரிகிறது. குளிரூட்டி இல்லாமல் பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவதில்லை. மாதம் முடிந்ததும் மின்கட்டண பில் வந்து நிற்கிறது.

இந்தப் பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் தோட்டத்து லயத்திலும் கம்பத்துப் பலகை வீட்டிலும் குளிரூட்டியைக் காணாமலே வளர்ந்தவர்கள். அன்று சுற்றிலும் மரங்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் வீடு எப்படிக் கட்டப்பட்டது என்பதும் ஒரு முக்கியமான காரணம். அந்தப் பழைய கட்டுமான அறிவைக் கையில் எடுத்துக்கொண்டு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சில நவீனக் கட்டடங்கள் எழுந்துள்ளன. அனைத்துலக விருதுகளையும் பெற்றுள்ளன. அவற்றிலிருந்து சாதாரணக் குடும்பங்களும் எடுத்துக்கொள்ளக்கூடியவை நிறைய உண்டு.

பழைய வீடு எப்படிக் குளிர்ந்தது?

நம் நாடுகள் பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ளன. நண்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே நிற்பதால், அதிக வெயிலை வாங்குவது கூரைதான். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருப்பதால் கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் சூடேறுகின்றன. காற்றில் ஈரப்பதமும் அதிகம். அதனால் காற்று நகராத இடத்தில் வியர்வை உலர்வதில்லை, உடல் புழுங்குகிறது. ஆகவே இங்கு ஒரு வீடு செய்ய வேண்டிய முதல் வேலைகள் இரண்டு: நிழல் தருவது, காற்றை ஓடவிடுவது.

மலாய் கம்பத்து வீடு இந்த இரண்டையும் செய்தது. தூண்கள் மீது நின்றதால் வீட்டுக்கு அடியிலும் காற்று ஓடியது. வெள்ளமும் ஈரமும் உள்ளே வரவில்லை. சன்னல்கள் ஏறக்குறைய தரை வரை இறங்கின. பாயில் உட்கார்ந்திருப்பவர் மீதும் காற்று பட்டது. சுவரின் மேல்பகுதியில் இருந்த மரச் செதுக்கல்கள் அழகுக்காக மட்டும் வைத்தவை அல்ல. சூடான காற்று மேலே எழும்பி வெளியேற அவை வழிவிட்டன. அகலமாக வெளியே நீண்ட கூரை வெயிலைத் தடுத்ததோடு, மழை பெய்யும்போதும் சன்னலைத் திறந்து வைக்க உதவியது. அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவரும் வெப்பத்தைத் தேக்கி வைக்காததால், பொழுது சாய்ந்ததும் வீடு விரைவாகக் குளிர்ந்தது. பினாங்கைச் சேர்ந்த லிம் ஜீ யுவான் 1987இல் வெளியிட்ட ‘மலாய் வீடு’ என்ற ஆங்கில நூல் இதைப் படங்களுடன் விளக்குகிறது.

பினாங்கு, மலாக்கா கடைவீடுகள் வேறு வழியைக் கண்டன. நீளமான, இருபுறமும் சுவர் ஒட்டிய அந்த வீடுகளின் நடுவே வானம் பார்த்த முற்றம் இருக்கும். அதன் வழியாக வெளிச்சம் இறங்கியது; சூடு மேலே போனது. முன்புறத்தின் ஐந்தடி நடைபாதை வழிப்போக்கருக்கும் நிழல் தந்தது. சிங்கப்பூரில் 1822ஆம் ஆண்டின் ராஃபிள்ஸ் நகரத் திட்டமே இத்தகைய மூடிய நடைபாதை வேண்டும் என்று கூறியிருந்தது.

தோட்டத்து லயங்களை இவற்றோடு சேர்த்துப் புகழ முடியாது. இடநெருக்கடி அதிகம், தகரக் கூரை நண்பகலில் கொதிக்கும். ஆனாலும் வாசல் திண்ணையும் முன்னே நின்ற மரமும் அங்கு குடும்பத்தின் மாலை நேர அறையாக இருந்ததை மூத்தவர்கள் அறிவார்கள்.

மரமும் தச்சரும் மீண்டும் வந்த கதை

திரெங்கானு டுங்குன் அருகே கடலோரத்தில் தஞ்சோங் ஜாரா ஹோட்டல் 1980இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் கடற்கரை ஹோட்டல் என்றாலே உயரமான கான்கிரீட் கட்டடம்தான். இதுவோ பழைய மர அரண்மனைகளைப் பார்த்துக் கட்டப்பட்டது: தரையிலிருந்து உயர்த்திய தாழ்வான மரக் கட்டடங்கள், காற்று புகும் கூரை, செதுக்குப் பலகைகள். உள்ளூர்க் கைவினைஞர்களுக்கு அது வேலையும் தந்தது. 1983இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

சிலாங்கூர் பாங்கியில் கட்டடக் கலைஞர் ஜிம்மி லிம் வடிவமைத்த சாலிஞ்சர் இல்லம் 1992இல் முடிந்தது. செங்கால் மரத்தில், மரத்தோடு மரத்தைப் பொருத்தும் மலாய் மரபுத் தச்சு முறையில், பல ஆண்டுகள் பொறுமையாகக் கட்டப்பட்ட வீடு அது. சரிவான நிலத்தை வெட்டிச் சமப்படுத்தாமல், வீட்டைத் தூண்கள் மீது நிறுத்தினார்கள். முக்கோண அமைப்பில் அமைந்த அது எந்தப் பழைய வீட்டின் நகலும் அல்ல. ஆனால் காற்றும் நிழலும் வேலை செய்யும் விதம் கம்பத்து வீட்டினுடையதே. 1998இல் அதற்கும் ஆகா கான் விருது கிடைத்தது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கான்கிரீட் பெட்டியின் தலையில் வளைந்த கூரையை வைத்து ‘மரபு’ என்று சொல்லிவிடலாம். உள்ளே இருப்பவருக்கு அதனால் ஒரு துளி காற்றும் கிடைக்காது. பாங்கி வீடு மரபின் தோற்றத்தோடு நிற்காமல் அதன் வேலையையும் எடுத்துக்கொண்டது.

அடுக்குமாடியிலும் முடியுமா?

பினாங்கில் பிறந்த கட்டடக் கலைஞர் கென் யாங் 1980களின் நடுவில் அம்பாங்கில் தமக்கென ஒரு வீடு கட்டினார். வீட்டின் கூரைக்கு மேல் குடைபோல இன்னொரு கூரை. அதில் சாய்வான பட்டைகள். அவை காலை வெயிலை உள்ளே விட்டு, உச்சி வெயிலைத் தடுத்தன. அதே சிந்தனையை அவர் 15 மாடிக்குக் கொண்டுபோனது சுபாங் ஜெயாவின் மெனாரா மெசினியாகாவில். 1992இல் முடிந்த அந்தக் கோபுரத்தில் செடிகள் நிறைந்த மாடித் தோட்டங்கள் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகின்றன. மின்தூக்கி, படிக்கட்டு, கழிவறை ஆகியவற்றை வெயில் படும் கிழக்குப் பக்கம் வைத்ததால் அவையே அலுவலகத்துக்கு நிழலாயின. அந்த இடங்களுக்கு இயற்கை வெளிச்சமும் காற்றும் கிடைத்தன.

சிங்கப்பூரில் வோஹா நிறுவனம் வடிவமைத்த 28 மாடி மோல்மெய்ன் ரைஸ் குடியிருப்புக்கு 2007இல் ஆகா கான் விருது கிடைத்தது. அதன் சிறப்பு ஒரு சன்னல். போர்னியோ நீள்வீடுகளைப் பார்த்து உருவான அந்தச் சன்னலின் திறப்பு, வெளியே நீட்டிய பகுதியில் கிடைமட்டமாக இருக்கிறது. அதனால் காற்று வரும், மழை வராது. கொட்டும் மழையிலும் சன்னலை மூட வேண்டியதில்லை.

அதே நிறுவனத்தின் கம்போங் அட்மிரல்டி இன்னும் பலருக்கும் தெரிந்த இடம். மூத்தோருக்கான 104 வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி நிலையம், கூரைத் தோட்டம் ஆகியவை ஒன்றின் மேல் ஒன்றாக அமைந்த 11 மாடிக் கட்டடம் அது. தரைத்தளம் சுவரில்லாத, காற்றோட்டமான பொதுத் திடல். தூண் வீட்டின் அடிப்பகுதியில் அக்கம்பக்கத்தார் கூடிப் பேசியதைப் போல, இங்கும் மக்கள் நிழலில் உட்கார்ந்து பேசுகிறார்கள். 2018இல் உலகக் கட்டடக்கலை விழாவில் அது ஆண்டின் சிறந்த கட்டடமாகத் தேர்வு பெற்றது.

நம் வீட்டுக்கு என்ன பயன்?

செங்கால் மரம் விலை உயர்ந்தது. பலகை வீட்டுக்குக் கறையான் பயமும் உண்டு. சாலை இரைச்சல், கொசு, திருட்டு ஆகியவற்றை நினைத்தால் சன்னலை எப்போதும் திறந்து வைப்பதும் எளிதல்ல. ஆகவே எல்லாரும் மர வீட்டுக்குத் திரும்ப முடியாது. ஆனால் வீட்டைப் புதுப்பிக்கும்போது செய்யும் சில தவறுகளைத் தவிர்க்கலாம்.

தாமான் வீடுகளில் பலர் முதலில் செய்வது, சமையலறையைப் பின்வேலி வரை நீட்டுவது. முன்னால் காண்டா முழுவதையும் கூரை போட்டு மூடுவதும் வழக்கம். இடம் கூடுகிறது, ஆனால் இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர் உள்ள வரிசை வீட்டுக்குக் காற்று வர முன்னும் பின்னும்தான் வழி. அவை இரண்டும் அடைபட்டால், நடு அறை இருண்டு புழுங்கும். மிச்சம் பிடித்த இடத்துக்கு ஒவ்வொரு மாதமும் மின்கட்டணத்தில் விலை கொடுக்க நேரிடும்.

பின்னால் நீட்டித்தே ஆக வேண்டும் என்றால், நடுவில் சில அடியாவது வானம் பார்த்த இடமாக விடலாம். சுவரின் உச்சியில் காற்றுத் துளைச் செங்கற்களை வைக்கலாம். ஏற்கெனவே இருப்பவற்றை அடைக்காமல் விடலாம். மேற்குச் சன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே நிழல் தருவது நல்லது. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெப்பத்தைத் திரை திருப்பி அனுப்பாது. கூரைக்கு அடியில் வெப்பத் தடுப்பு விரிப்பு போடுவதும் பலன் தரும். முற்றம் முழுவதற்கும் சிமெண்ட் பூசாமல் ஒரு மரத்துக்கு மண் விடலாம். வீட்டை நீட்டிப்பது போன்ற கட்டுமான வேலையானால், தொடங்கும் முன் வரைபடத்துடன் நகராண்மைக் கழகத்தின் அனுமதி பெற வேண்டும்.

குத்தகையாளரிடம் எத்தனை சதுர அடி கூடும் என்று கேட்பவர்கள், காற்று எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும் என்றும் கேட்க வேண்டும். கம்பத்துத் தச்சர் வீடு கட்டும் முன் யோசித்த கேள்வி அதுதான். விருது வாங்கிய கட்டடங்களும் அதைத்தான் கேட்டன.