கோடை விவாத முகாமில் மீண்டும் பங்கேற்றல்

பள்ளி விடுமுறைக் காலத்தில் சில நாட்களோ சில வாரங்களோ மாணவர்களுக்கு வாதிடும் முறையைக் கற்றுத்தரும் பயிற்சியே கோடை விவாத முகாம் எனப்படுகிறது. ஒரு தலைப்பை ஒட்டியும் வெட்டியும் பேசுதல், சான்று திரட்டுதல், எதிரணியின் வாதத்துக்கு மறுப்புரை கூறுதல் ஆகியவை இதில் முதன்மையானவை. ஓராண்டு சென்ற மாணவர் அடுத்த ஆண்டும் செல்வது வீண் செலவு எனப் பலர் கருதுகின்றனர். ஆனால் விவாதத் திறனின் முக்கியமான பகுதிகள் இரண்டாம் முறையில்தான் கைகூடுகின்றன.

பின்னணி

காவிரி கடலில் கலக்கும் பகுதிக்கு வாத மரபு புதிதன்று. காரைக்காலுக்கு வடக்கே உள்ள காவிரிப்பூம்பட்டினத்தில் அறிஞர் கூடி வாதிடும் பட்டிமண்டபம் இருந்ததைச் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் குறிப்பிடுகின்றன. திருஞானசம்பந்தர் தெளிச்சேரியை வணங்கிச் சென்றபின் போதிமங்கையில் பௌத்தரான சாரிபுத்தரோடு வாதம் நடந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. அந்தத் தெளிச்சேரி இன்று காரைக்காலில் கோவில்பத்து என வழங்குகிறது. இக்காலப் பட்டிமன்றம் பரவியதில், 1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடி கம்பன் கழகத்துக்குப் பெரும் பங்குண்டு.

பட்டிமன்றத்துக்கும் போட்டி விவாதத்துக்கும் வேறுபாடு உண்டு. பட்டிமன்றத்தில் நகைச்சுவையும் சொல்நயமும் அவையைக் கவரும். போட்டி விவாதத்திலோ எதிரணியின் வாதத்துக்கு விடை சொன்னாரா என்பதை நடுவர் முதன்மையாகப் பார்க்கிறார். 1988இல் தொடங்கிய உலகப் பள்ளிகள் விவாதப் போட்டியில் ஒவ்வோர் அணியிலும் மூவர் பேசுவர். ஒருவருக்கு 8 நிமிடம். முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் தவிர, இடையில் எதிரணியினர் எழுந்து கேள்வி கேட்கலாம். சில தலைப்புகள் முன்பே தரப்படும்; மற்றவற்றுக்கு ஒரு மணி நேரமே கிடைக்கும்.

மீண்டும் செல்வதன் பயன்கள்

1. மறந்தது விரைவில் திரும்பும்
ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் நினைவாற்றல் பற்றித் தம்மையே சோதித்து 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். கற்றதில் பெரும்பகுதி விரைவில் மறந்துபோகிறது. ஆனால் அதையே மறுபடி கற்க முதல்முறையைவிடக் குறைந்த நேரம் போதும் என்பது அவர் கண்ட முடிவு. இடைவெளி விட்டுப் படிப்பது மனத்தில் நன்கு தங்கும் என்பதையும் அவர் காட்டினார். ஓராண்டு கழித்து முகாமுக்கு வரும் மாணவர் தொடக்கப் பாடங்களை வேகமாகக் கடந்து, மீதி நேரத்தைக் கடினமான பயிற்சிக்குச் செலவிடலாம்.

2. பிழையைத் திருத்தும் வாய்ப்பு
முதல் ஆண்டில் மேடை அச்சத்தை வெல்வதிலேயே பல நாட்கள் கழிந்துவிடும். எழுதி வைத்ததை ஒப்பிப்பது, நேரம் போதாமல் பாதியில் நிறுத்துவது, எதிரணி சொன்னதைக் குறிப்பெடுக்காமல் விடுவது ஆகியவை வழக்கமான பிழைகள். இவற்றை நடுவர் சுட்டிக்காட்டும்போது முகாம் முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு வருபவர் எதைத் திருத்த வேண்டும் என்று அறிந்தே வருகிறார். குறிப்பிட்ட குறையை எடுத்துக்கொண்டு, பிறர் கருத்தைக் கேட்டுத் திருத்திச் செய்யும் பயிற்சியே திறனை வளர்க்கிறது என்று ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் விளக்கினர்.

3. கற்பிப்பதால் கற்றல்
மீண்டும் வரும் மாணவர் புதியவர்களுக்குத் துணை நிற்கிறார். ஒரு வாதம் ஏன் வலுவற்றது என்று இன்னொருவருக்கு விளக்க முயலும்போது, தமக்கே அது எவ்வளவு புரிந்துள்ளது என்பது தெரிந்துவிடும். முதல் ஆண்டில் வாய் திறக்கத் தயங்கியவர் இப்போது இன்னொருவரின் தயக்கத்தைப் புரிந்துகொள்வார்.

காவிரி நீர்: ஓர் எடுத்துக்காட்டு

'காவிரி நீர்ப் பங்கீடு நியாயமாக உள்ளது' என்ற தலைப்பைக் காரைக்கால் மாணவர் ஒருவருக்குத் தருவதாகக் கொள்வோம். அரசலாறு, நண்டலாறு, திருமலைராயனாறு முதலியவை பாயும் இம்மாவட்டம் காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேலே நீர் குறைந்தால் முதலில் காய்வது இங்குள்ள வயலே. ஆகவே முதன்முறை பேசும் மாணவர் பெரும்பாலும் தம் ஊரின் வேதனையையே பேசுவார். அது உண்மைதான், ஆனால் எதிரணிக்கு அது விடையாகாது.

இரண்டாம் ஆண்டு மாணவர் எண்களோடு வருவார். 2007இல் நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பு புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 419இலிருந்து 404.25 டி.எம்.சி.யாகக் குறைத்தபோதும் புதுச்சேரியின் 7 டி.எம்.சி. மாறவில்லை. கர்நாடகத்துக்குக் கூடுதலாகக் கிடைத்த 14.75இல் 4.75 டி.எம்.சி. பெங்களூருவின் குடிநீருக்கானது. ஆண்டுக் கணக்கில் ஒதுக்கீடு இருப்பது ஒன்று, நாற்று நடும் வேளையில் கடைமடைக்கு நீர் வந்து சேர்வது வேறொன்று என்பதையும் அவர் பிரித்துக் காட்டுவார்.

சீட்டுக் குலுக்கலில் பெங்களூருவின் பக்கம் பேச வேண்டிவந்தால் சோதனை இன்னும் கடுமையாகும். தன் வீட்டு வயலுக்கு எதிராகப் பேசுவதுபோல் அது உறுத்தும். ஆனால் மறுபக்கத்தின் மிக வலிமையான வாதம் எது என்று அறிந்தவரே அதற்குச் சரியான விடையையும் கண்டுபிடிக்க முடியும். புதுச்சேரி சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் 30 உறுப்பினர்களில் காரைக்காலுக்கு உரியவர் ஐவர். எண்ணிக்கையில் சிறிய ஒரு பகுதியின் குரல் கேட்கப்பட வேண்டுமானால் அதற்குச் சான்றும் தெளிவும் தேவை.

கவனிக்க வேண்டியவை

• முதல் ஆண்டு நடுவர் கூறிய குறைகளை எழுதி வைத்து, அவற்றில் இரண்டை மட்டும் இலக்காகக் கொள்ளலாம்.
• முன்பு மூன்றாவதாகப் பேசியவர் இம்முறை முதலாவதாகப் பேசிப் பார்க்கலாம்.
• சென்ற ஆண்டுப் பாடமே மாற்றமின்றி நடக்குமாயின் மீண்டும் செல்வதால் பயன் குறைவு. இரண்டாம் நிலைப் பயிற்சி உண்டா என முன்பே கேட்டறிய வேண்டும்.
• கட்டணம் கட்ட இயலாதவர்கள் பழைய நண்பர்கள் நான்கு பேரைச் சேர்த்து, நூலகத்திலோ பள்ளித் திண்ணையிலோ வாரம் ஒரு தலைப்பில் வாதிடலாம். கடிகாரமும் செய்தித்தாளும் பாரபட்சமற்ற ஒரு நடுவரும் இருந்தால் போதும்.

முதல் முகாம் பேசக் கற்றுத்தருகிறது. மறுமுறை செல்பவர் எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்கக் கற்கிறார். விவாதத்துக்கு இரண்டும் வேண்டும்.