விதைக்கிழங்கில் மறைந்திருக்கும் வைரசும் முயலின் குருதியும்

பார்வைக்குப் பழுதற்ற விதைக்கிழங்கை நட்ட பாத்தியிலும், சில வாரங்களில் செடிகள் குன்றி, அடியிலைகள் மேல்நோக்கிச் சுருண்டு விறைத்துவிடுவதுண்டு. இஃது உருளைக்கிழங்கு இலைச்சுருள் வைரசினால் நேர்வதாகும். முன்னைய போகத்தில் பிந்தித் தொற்றிய செடி யாதொரு குறியும் காட்டாதிருக்கலாம். எனினும், அதன் கிழங்கு நோயைச் சுமந்து வரும். நோயுற்ற செடியைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆகையால், நடுவதற்கு முன்னரே நோயைக் கண்டறிதல் அவசியமாகும். அதற்கு முயல் உதவுகின்றது.

முயல் உதவும் முறை

வைரசின் மேலுறை புரதத்தால் ஆனது. நோயுற்ற செடிகளிலிருந்து வைரசைப் பிரித்துத் தூய்மையாக்கி, சில வார இடைவெளிகளில் சிறு அளவாக முயலுக்கு ஊசிமூலம் ஏற்றுவர். பயிர் வைரசு முயலுக்கு நோய் செய்யாது. ஆயினும், முயலின் உடல் அப்புரதத்தை அந்நியப் பொருளெனக் கொண்டு, அதனைப் பற்றிப் பிடிக்கும் பிறபொருளெதிரிகளை உண்டாக்கும். பின்னர் அதன் குருதியில் சிறிது எடுத்து உறையவிட்டு, தெளிந்து பிரியும் நீர்ப்பாயத்தைச் சேர்ப்பர். இதிலுள்ள பிறபொருளெதிரிகள் பல வகையின. ஒவ்வொரு வகையும் புரதத்தின் வெவ்வேறிடத்தைப் பற்றும். ஆதலால் வைரசு சிறிது வேறுபட்டிருப்பினும் பெரும்பாலும் பிடிபடும்.

சோதனை நடைபெறும் விதம்

எலிசா எனப்படும் இம்முறை 1971 இல் வெளியிடப்பட்டது. 1977 இல் கிளார்க், அடம்ஸ் என்போர் பயிர் வைரசுகளுக்கு ஏற்றவாறு அதனை அமைத்தனர்.

1. 96 குழிகள் கொண்ட தட்டில் பிறபொருளெதிரியைப் படியவிடுவர்.
2. விதைக்கிழங்கின் கண்ணை முளைக்கவைத்து, அதன் இலைச்சாற்றைக் குழியில் இடுவர். வைரசு இருப்பின் அது குழியில் ஒட்டிக்கொள்ளும். ஏனையவை கழுவுகையில் நீங்கும்.
3. நொதியம் இணைத்த பிறபொருளெதிரியை இட்டு, மீண்டும் கழுவுவர்.
4. நொதியத்தால் நிறம் மாறும் கரைசலை இடுவர். மஞ்சள் நிறம் தோன்றின் வைரசு உண்டு.

ஊசிமூலம் ஏற்றிய வைரசுடன் செடியின் சொந்தப் புரதம் கலந்திருப்பின், முயல் அதற்கும் பிறபொருளெதிரி உண்டாக்கும். நல்ல செடியின் சாறும் அப்போது நிறங்காட்டும். எனவே ஒவ்வொரு தட்டிலும் நோயற்ற சாறும் நோயுற்ற சாறும் ஒப்பிடுவதற்காக வைக்கப்படல் வேண்டும்.

கமக்காரர் கவனத்திற்கு

இலைச்சுருள் வைரசுக்குரிய பிறபொருளெதிரி ஏனைய வைரசுகளையோ பற்றீரியா வாடல் நோயையோ காட்டாது. எனவே அத்தாட்சிப்படுத்திய விதைக்கிழங்கை வாங்குகையில், எந்நோய்களுக்குச் சோதிக்கப்பட்டது எனக் கேட்டறிக. சோதனையில் தேறிய விதையும் வயலில் மீண்டும் தொற்றக்கூடும். அழுக்கணவன் பூச்சியே இவ்வைரசைச் செடிக்குச் செடி கொண்டுசெல்வது. சுருண்ட செடிகளைக் கண்டவுடன் கிழங்கோடு பிடுங்கி அழித்தல் வேண்டும். அத்தகைய பாத்தியின் கிழங்கை உணவுக்குக் கொள்ளலாம், விதைக்கு வைத்தலாகாது.