உருகுமணிக் கலை

உருகுமணிக் கலை என்பது சிறு குழாய் வடிவ நெகிழி மணிகளை முளைகள் கொண்ட பலகையில் அடுக்கி, வெப்பத்தால் ஒட்டச் செய்து படம் உருவாக்கும் கைவினை ஆகும். இது 1950களின் இறுதியில் சுவீடனில் முதியோருக்கான சிகிச்சைப் பயிற்சியாகத் தோன்றி, பின்னர் சிறுவரிடையே பரவியது. பரவலாகப் பயன்படும் மணிகள் 5 மி.மீ. அளவுடையவை. டென்மார்க்கின் ஹமா, அமெரிக்காவின் பெர்லர் ஆகியவை அறியப்பட்ட வணிகப் பெயர்களாகும்.

உருகும் தன்மை

இம்மணிகள் வெப்பத்தில் இளகி, குளிரும்போது இறுகும் நெகிழியால் ஆனவை. விளிம்புகள் மட்டும் இளகினால் மணிகள் ஒட்டும், துளைகள் திறந்திருக்கும். துளைகள் மூடும்வரை வெப்பமூட்டினால் தட்டையான, வழவழப்பான பரப்புக் கிடைக்கும். வெப்பம் மிகுந்தால் நிற எல்லைகள் சிதையும். உருகிய மணிகளை மீண்டும் பழைய வடிவுக்குக் கொண்டுவர இயலாது.

தேய்க்கும் முறை

வெப்பத்தால் பலகை நெளியக்கூடும். எனவே பெரிய படங்களின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி, கவிழ்த்து, பலகையை அகற்றிவிடுவர். வெப்பம் தாங்கும் சமதளத்தில் படத்தை வைத்து, அதன்மேல் ஒட்டாத பேக்கிங் தாளை விரித்து, நடுத்தரச் சூட்டிலுள்ள இஸ்திரிப் பெட்டியை மெதுவாக வட்டமாக நகர்த்த வேண்டும். நீராவி பயன்படுத்தலாகாது. ஒரே இடத்தில் பெட்டியை நிறுத்தினால் அவ்விடம் மிகையாக உருகும். பின்னர் நாடாவை நீக்கி மறுபுறத்தையும் தேய்க்க வேண்டும்.

குளிர்வித்தல்

நெகிழி குளிரும்போது சுருங்கும். இருபுறமும் சமமாகச் சுருங்காவிடில் படம் வளையும். இதனைத் தவிர்க்க, சூடு ஆறுமுன்பே கனமான நூல்களை அதன்மேல் அடுக்கி, முழுதும் குளிரும்வரை விட்டுவைப்பர். சிறுவர்கள் மணிகளை அடுக்கினாலும், தேய்க்கும் பணியைப் பெரியவர்களே செய்தல் வேண்டும்.