ஒரு வார வகுப்பு சொல்லும் ரகசியம்

"டாக்டர், பையனுக்கு ஞாபக சக்தியே இல்லீங்க. வல்லாரை லேகியம் ஏதாச்சும் குடுங்க!"

இரண்டாம் வகுப்புப் பையனோடு வந்த ஓர் அம்மாவின் புலம்பல் இது. "ஒரு வாரம் வகுப்புல என்னென்ன செய்யறான்னு டீச்சர்கிட்ட கேட்டு எழுதிட்டு வாங்க" என்றேன்.

தமிழகத்தில் 2022-ல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், சின்ன வகுப்புகளில் பாடத்தைப் பாட்டு, கதை, விளையாட்டாக மாற்றியது. அதனால் குழந்தையின் கண், காது, கை எல்லாமே வகுப்பில் சோதனைக்கு உள்ளாகின்றன.

அந்த அம்மா கொண்டுவந்த சீட்டு இதோ:

திங்கள்: பாட்டு. அபிநயத்தோடு பாடினான்.
செவ்வாய்: புளியங்கொட்டைக் கணக்கு. எல்லாம் சரி.
புதன்: கரும்பலகையைப் பார்த்து எழுதுதல். பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே எழுதினான்.
வியாழன்: களிமண்ணில் எழுத்து. அழகாகச் செய்தான்.
வெள்ளி: கேட்ட கதையைத் திருப்பிச் சொன்னான்.

ஞாபகத்தில் குறையே இல்லை. குறை புதன்கிழமையில்தான்! கண் மருத்துவரிடம் அனுப்பினேன். கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டதும் எழுத்து வந்துவிட்டது. வல்லாரை நல்ல கீரைதான். ஆனால், கிட்டப்பார்வைக்கு அது மருந்தாகாது.

பெற்றோர்களே, நீங்களும் டீச்சரிடம் கேளுங்கள். இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறானா? காதைக் காட்டுங்கள். வகுப்பில் தூங்கி விழுகிறாளா? 6 வயதுக்கு மேல் 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். முகம் வெளுத்திருந்தால் ரத்தசோகையா, குடற்புழுவா என்று பாருங்கள்.

'மக்கு' என்று திட்டுவதற்கு முன்னால், அந்த ஐந்து நாட்களை ஒரு தரம் விசாரித்துவிடுங்கள்.