நம்ம ஊர் காரா, பாரின் காரா? எதை நம்பி ஏறுவது?
ஒற்றைக்கண் பாலத்தில் வெளுக்கும் சாயம்!

திருப்பூர்:

வானம் பொத்துக்கொண்டு ஊற்றினால் போதும். திருப்பூர் ஊத்துக்குளி ரோடு ஒற்றைக்கண் பாலத்துக்கு அடியில் தண்ணீர் குளம் போல நின்றுவிடும். மேலே ரெயில் ஓடும். கீழே கார்களின் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்!

பழைய பெட்ரோல் அம்பாசடர் தண்ணீரில் இறங்கும். இருமும். நிற்கும். டிரைவர் பானெட்டைத் தூக்குவார். டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைப்பார். கொஞ்ச நேரம் காய விடுவார். வண்டி கிளம்பிவிடும்.

பக்கத்திலேயே லட்சம் லட்சமாகக் கொட்டி வாங்கிய வெளிநாட்டு கம்பெனி கார் நிற்கும். அதைத் துடைத்துப் பயனில்லை. கயிறு கட்டி இழுத்துத்தான் போகவேண்டும்.

"பாத்தீங்களாண்ணா, நம்ம காரு நம்ம காருதானுங்க!" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பும்.

அது உண்மைதானா? பெரிய பனியன் கம்பெனி முதலாளி முதல், நாலு பவர் டேபிள் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர் வரை கார் வாங்கும் முன் தலையைச் சொறிகிற கேள்வி இது. இதுபற்றிய விவரம் வருமாறு:-

பிறவியிலேயே பாரின்

முதலில் ஒரு சங்கதி. அம்பாசடரே பிறவியில் பாரின்தான்! இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அப்படியே எடுத்து, மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950-களின் கடைசியில் செய்ய ஆரம்பித்தது. பம்பாயில் தயாரான பத்மினி, இத்தாலியின் பியட் 1100. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இங்கிலாந்துச் சரக்குதான்.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் காரை நினைத்தபடி இறக்குமதி செய்ய முடியாது. தூதரகங்கள் ஓட்டிக் கழித்த கார்களை அரசின் எஸ்.டி.சி. நிறுவனம் விற்கும். அதை வாங்கத்தான் போட்டி. சாமானியனுக்கு இந்த மூன்று கம்பெனிகளை விட்டால் கதி இல்லை. அதற்கும் வருஷக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

ஹாரனைத் தவிர...

அம்பாசடர் கோளாறே இல்லாத காரா? இல்லவே இல்லை. "ஹாரனைத் தவிர எல்லாம் சத்தம் போடும்" என்று ஊரே கிண்டல் செய்த கார் அது. மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும்போது பர்லியாறில் நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கோடை வெயிலில் பியட்டின் பெட்ரோல் பம்பு மீது ஈரத்துணி போட்டு ஓட்டினார்கள்.

ஆனால் ஒன்று. எந்த ஊரில் நின்றாலும் அந்த ஊர் மெக்கானிக்குக்கு அம்பாசடர் அத்துப்படி. கடையில் உதிரி பாகம் தொங்கும். கிடைக்காவிட்டால் லேத்து பட்டறையில் கடைந்து போட்டுவிடுவார்கள்.

அதாவது, அம்பாசடர் நிற்காத கார் அல்ல. நின்றால் மறுபடி கிளம்புகிற கார். இரண்டும் ஒன்று என்று நினைத்துத்தான் நாம் இத்தனை நாளும் ஏமாந்தோம்.

ஜப்பான் கொடுத்த அடி

ஏமாந்ததை எடுத்துக்காட்டியது மாருதி 800. 1983 டிசம்பர் 14-ந்தேதி அரியானா மாநிலம் குர்கானில் முதல் கார் வெளியே வந்தது. ஆரம்பத்தில் பாகங்கள் ஜப்பான் சுசுகியிடம் இருந்து வந்தன. இங்கே கோர்த்தார்கள். மூன்றே சிலிண்டர். 796 சி.சி. என்ஜின். "தகர டப்பா" என்று சிரித்தார்கள்.

சிரித்தவர்களும் பிறகு வாங்கினார்கள். காலையில் சாவியைத் திருகினால் கிளம்பியது. தள்ளவேண்டிய வேலை இல்லை. 25 லட்சத்துக்கும் அதிகமான மாருதி 800 விற்றது. 1990-களில் அம்பாசடரும் ஜப்பானின் இசுசு என்ஜினைப் பொருத்திக்கொண்டது!

மேல்சட்டை மட்டும் பாரின்

பாரின் பெயருக்கு மயங்கிக் கெட்ட கதையும் நம் மாநிலத்தில் உண்டு. 1985-ல் வண்டலூரில் இருந்து ஸ்டாண்டர்டு 2000 வந்தது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் கார். ராஜா மாதிரி தோற்றம். உள்ளே இருந்ததோ பழைய வேன்கார்டு காலத்து என்ஜின். 1988-க்குள் கதை முடிந்தது. வாங்கியவர்கள் உதிரி பாகத்துக்கு அலைந்தார்கள்.

மேல்சட்டை மில்லு துணி, உள்பனியன் கந்தல். பனியன் ஊர்க்காரர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

இன்றைய பாரின் எது?

இன்றைக்கு "ஜெர்மனி கார்" என்று வாய் பிளக்கிறோமே, பி.எம்.டபிள்யூ. கார்களில் பலவும் 2007 முதல் செங்கல்பட்டுப் பக்கம் கோர்க்கப்படுகின்றன. கொரியாவின் ஹூண்டாய் 1998 முதல் இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறது.

முழுசாகக் கப்பலில் வந்து இறங்குவதுதான் அசல் பாரின். 2025 பட்ஜெட் கணக்குப்படி, 40 ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட காருக்கு வரி மட்டுமே 110 சதவீதம்! அதன் பாகமும் கடல் தாண்டி வரவேண்டியிருக்கும். கார் அடிக்கடி நிற்காது. நின்றால் வாரக்கணக்கில் நிற்கும்.

கம்பெனியே கிளம்பினால்?

ஆபத்து இன்னொரு பக்கமும் இருக்கிறது. செவர்லே கார் விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் கார் செய்த போர்டு, உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. சர்வீஸ் தொடரும் என்றார்கள். ஆனாலும் வைத்திருந்தவர்களுக்கு வயிற்றில் புளி கரைந்தது.

"பாரின்காரன் போய்விட்டான்" என்று சிரிக்கவேண்டாம். அம்பாசடரும் 2014 மே மாதம் நின்றுவிட்டது. அதே வருஷம் ஜனவரியில் மாருதி 800-ம் நின்றது. அம்பாசடர் என்ற பெயரையே 2017-ல் பிரான்சின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது!

ஆர்டர் நின்றால் கார் நிற்கும்

திருப்பூரில் கார் வெறும் பவிசு அல்ல. காலையில் பிள்ளைகளை ஸ்கூலில் விடும். மத்தியானம் சாம்பிள் மூட்டை சுமக்கும். நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓடும். ஷிப்மெண்ட் நாளில் அது மக்கர் செய்தால் நஷ்டம் காரோடு போகாது.

ஊரின் நிலைமையோ ஏற்ற இறக்கம். 2011 ஜனவரியில் ஐகோர்ட்டு உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடின. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. ஆர்டர் குறைகிற மாதத்திலும் பாங்கி தவணை குறையாது. அந்த மாதம் பார்த்து பெரிய ரிப்பேர் வந்தால், காரை விற்றுத்தான் காரைச் சரி செய்யவேண்டும்!

வாங்கும் முன்

காரின் நாட்டைக் கேட்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். பாகம் திருப்பூரிலோ கோவையிலோ கிடைக்குமா? கம்பெனி மெக்கானிக்கைத் தவிர வேறு யாருக்காவது அதன் வேலை தெரியுமா? பத்து வருஷம் கழித்தும் அந்தக் கம்பெனி இங்கே இருக்குமா?

சரி, பாலத்தடிக்கு வருவோம். தண்ணீருக்கு பாரினும் தெரியாது, லோக்கலும் தெரியாது. அங்கே ஜெயித்தது நம்ம ஊர் கார் அல்ல. பழைய கால கார். இன்றைய மாருதியானாலும் காற்றுக்குழாய் வழியாக என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் அதே கதிதான்.

தண்ணீரில் நின்ற காரை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. செய்தால் கனெக்டிங் ராடு வளைந்து என்ஜினே போய்விடும். சாதாரண இன்சூரன்சில் அதற்குப் பணம் வாங்குவது கஷ்டம். 'என்ஜின் புரொடெக்ட்' என்று தனியாகக் கட்டியிருக்கவேண்டும். கட்டியிருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

மழை வந்தபிறகு பார்த்துப் பிரயோஜனம் இல்லை!