வத்தல்மலையில் டிஜிட்டல் ரேடியோ கேட்குமா? சாஃப்ட்வேர் 'ஃபில்டர்' செய்யும் வேலை இதுதான்!

தருமபுரியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் வத்தல்மலை. மலை மடிப்புகளில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஊர்கள். கனமழையில் கரண்ட் போய், செல்போன் டவரும் படுத்துவிட்டால், இதுபோன்ற ஊர்களுக்குச் செய்தி சேர்க்க மிஞ்சுவது ரேடியோதான்.

தருமபுரி வானொலியின் 102.5 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். குறுக்கே மலை நின்றால் பலவீனமாகிவிடும். மீடியம் வேவ் அப்படியில்லை, தரையை ஒட்டியே வெகுதூரம் போகும். இந்த மீடியம் வேவில்தான் ஆல் இந்தியா ரேடியோ, 'டி.ஆர்.எம்.' என்ற டிஜிட்டல் ஒலிபரப்புக்காக நாடு முழுக்க 35 டிரான்ஸ்மிட்டர்களை அமைத்தது. சென்னையும் பெங்களூருவும் அதில் உண்டு. பேரிடர் எச்சரிக்கை வந்தால் ரேடியோவைத் தானாகவே அந்த அறிவிப்புக்கு மாற்றும் வசதியும் டி.ஆர்.எம்.மில் இருக்கு.

அப்போ சிக்கல் எங்கே?

பழைய ரேடியோவில் சிக்னல் குறைந்தால் 'கொர்ர்' சத்தத்தோடாவது பேச்சு கேட்கும். டிஜிட்டலில் அது நடக்காது. ஓரளவு வரை தெளிவாகக் கேட்கும். அதற்குக் கீழே போனால் மொத்தமும் கட்!

எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர், இடி மின்னல், பக்கத்து அலைவரிசை என எல்லாமே மீடியம் வேவில் இரைச்சலைக் கலக்கும்.

ஃபில்டர் என்ன செய்யும்?

மீடியம் வேவில் ஒரு டி.ஆர்.எம். ஒலிபரப்பின் அகலம் வழக்கமாக 9 அல்லது 10 கிலோஹெர்ட்ஸ். சாஃப்ட்வேர் ஃபில்டர் அந்த அகலத்தை மட்டும் சலித்து எடுத்து, வெளியே இருப்பதைத் தள்ளிவிடும். உள்ளேயே ஒற்றை விசில் சத்தம் இருந்தால் அதை மட்டும் வெட்டி எடுக்கும். மின்னல் வெட்டும் நொடியை அடக்கி வைக்கும்.

இதனால் பிழைகள் குறையும். மிச்சப் பிழைகளை, ஒலிபரப்பிலேயே சேர்த்து அனுப்பப்படும் பிழைதிருத்தக் குறியீடுகள் சரிசெய்யும். கட் ஆன நிலையம் மீண்டும் பேசத் தொடங்குவது இப்படித்தான். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான 'டிரீம்' சாஃப்ட்வேரின் நிரல் எல்லோருக்கும் திறந்தே இருப்பதால், யார் வேண்டுமானாலும் அதன் ஃபில்டரை மேம்படுத்தலாம்.

எல்லாத்தையும் ஃபில்டர் சரிசெய்யுமா?

செய்யாது. சல்லடைக் கண்ணை ரொம்பச் சின்னதாக்கினால் அரிசியும் மேலேயே தங்கிடும். அதேபோல ஃபில்டரை அளவுக்கு மீறிக் குறுக்கினால் சிக்னலின் ஓரமும் வெட்டுப்படும்.

இன்னொன்று, கம்ப்யூட்டரில் செருகும் மலிவு விலை ரேடியோ ஸ்டிக்குகள் பல 8 பிட் வகை. சிக்னலை 256 படிகளில்தான் அளக்கும். பக்கத்து நிலையத்தின் பலமான அலை அத்தனை படிகளையும் நிரப்பிவிட்டால், பலவீனமான சிக்னல் பதிவாகவே ஆகாது. பதிவாகாததை எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது. அதற்கு ஆண்டெனாவுக்கும் ஸ்டிக்குக்கும் நடுவே தனி ஃபில்டர் கருவி தேவை.

செலவே இல்லாத முதல் வழி ஒன்று உண்டு. ஆண்டெனாவை சார்ஜர், எல்.இ.டி. பல்பிலிருந்து தள்ளி வையுங்கள். இரைச்சல் உள்ளே வராமல் தடுப்பது, வந்த பிறகு சலிப்பதைவிட எப்பவுமே சுலபம்.